அன்றே வீடு திரும்பலாம், வீடு லக்கலவில் இருந்தால்?

காலையில் வந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்விடுவது இன்று புதுமையான செய்தி இல்லை. திட்டமிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சைகளில் 75 வீதம் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று பிரித்தானிய அரசு 2000 ஆம் ஆண்டிலேயே தன் சுகாதார சேவைக்கு இலக்கு வைத்துவிட்டது. அமெரிக்கா அதற்கும் ஒரு படி அப்பால் போயிருக்கிறது. அங்கே தோல், கை, கண், மூக்கு, இரத்தக்குழாய் என்று பல துறை வைத்தியர்கள் வைத்தியசாலையையே விட்டுவிட்டு, நோயாளியைப் பார்க்கும் அறைக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு சத்திரசிகிச்சைக் கூடத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். நம்மூர்ப் பேச்சில் சொன்னால், டிஸ்பென்சரிக்குள் ஒரு தியேட்டர். இனி வரும் காலம் இதுதான் என்று சொல்பவர்கள், நகரத்தில் வீடும் வாகனமும் கைப்பேசியும் உள்ள நோயாளி ஒருவரை மனதில் வைத்தே பேசுகிறார்கள். மாத்தளை மாவட்டத்தின் லக்கலவில் இருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது என்பது என் கேள்வி. அமெரிக்க அறையை அப்படியே பெயர்த்து இங்கே வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் அந்த அறை எந்த அறிவை நம்பி இயங்குகிறதோ, அந்த அறிவு கொழும்பைவிட லக்கலவுக்குத்தான் அதிகம் பயன்படும்.

லக்கல நக்கிள்ஸ் மலைத்தொடரின் வடகிழக்குச் சரிவில் இருக்கிறது. மாத்தளையிலிருந்து இறத்தோட்டை வழியாக ஏறி, ரிவஸ்டன் கணவாயின் பனிமூட்டத்தைக் கடந்து, இலுக்கும்புற பக்கமாக வளைந்து வளைந்து இறங்க வேண்டும். வடகீழ்ப் பருவமழை வந்தால் இந்த வீதியில் மண் சரியும். களுகங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரம் நீருக்குள் போக, 2019 இல் புதிய நகரம் திறக்கப்பட்டது. கட்டடங்கள் புதிதாயின, மலை அதே இடத்தில்தான் நிற்கிறது. இலங்கையின் அரச வைத்தியசாலை அடுக்கில் இத்தகைய ஊர்களுக்குக் கிடைப்பது பிரதேச வைத்தியசாலை. அங்கே வைத்தியரும் தாதியரும் விடுதிகளும் உண்டு, நிரந்தரமான சத்திரசிகிச்சை நிபுணர் வழக்கமாக இருப்பதில்லை. அவரைப் பார்க்க ஆதார வைத்தியசாலைக்கோ மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ போக வேண்டும், சிக்கலானால் கண்டிக்கு. உலகளாவிய சத்திரசிகிச்சை பற்றிய லான்செட் ஆணைக்குழு 2015 இல் ஓர் அளவுகோலை முன்வைத்தது: சிசேரியன், வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சை, தோலைக் கிழித்து வெளிவந்த எலும்பு முறிவுக்கான சிகிச்சை ஆகிய மூன்றும் 2 மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்க வேண்டும். உலகில் 500 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான, கட்டுப்படியாகும் சத்திரசிகிச்சை எட்டவில்லை என்பதும் அதே ஆணைக்குழுவின் கணக்கு. உயிர் காக்கும் சிகிச்சைக்கே தூரம் இப்படி அளக்கப்படும்போது, முதுகில் வளரும் கொழுப்புக் கட்டிக்கும் மடங்கிப் பூட்டிக்கொள்ளும் விரலுக்கும் யாரும் தூரத்தை அளப்பதில்லை. அவற்றோடு மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்துவிடுகிறார்கள்.

அன்றைக்கே அனுப்பிவிடும் வழக்கம் பணக்கார நோயாளிகளின் வசதிக்காகத் தொடங்கியதில்லை. கிளாஸ்கோ நகரின் குழந்தைகள் வைத்தியசாலையைச் சேர்ந்த வெளிநோயாளர் நிலையத்தில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற நிபுணர் ஏழைக் குழந்தைகளுக்கு 10 ஆண்டுகளில் செய்யப்பட்ட 8,988 சத்திரசிகிச்சைகளைப் பற்றி 1909 இல் அறிக்கை தந்தார். குடலிறக்கம், பிளவண்ணம், கோணல் பாதம் எல்லாம் அதில் அடக்கம். கட்டிலில் கட்டாயமாகக் கிடத்துவதால் குழந்தைக்கு நன்மை ஏதும் இல்லை, தாயின் மடியில் அது நன்றாகவே தேறுகிறது என்பது அவர் வாதம். அவருடைய ஏற்பாட்டில் பலர் கவனிக்காத இரண்டு விடயங்கள் இருந்தன. தாதியர் வீடு தேடிப்போய்க் காயத்தைப் பார்த்தார்கள். பால்குடிக் குழந்தைகளும் தாய்மாரும் தங்குவதற்கு நிலையத்துக்கு அருகே ஒரு சிறு வீடும் இருந்தது. பத்து ஆண்டு கழித்து, அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் சூ சிட்டி என்ற ஊரில், மயக்கமருந்து வைத்தியரான ரால்ஃப் வாட்டர்ஸ் நகர நடுவே தனிக் கூடம் நடத்திய அனுபவத்தை எழுதினார். பல் சிகிச்சையும் சிறு சத்திரசிகிச்சையும் நடந்த அறையை ஒட்டி, தெளியும் வரை படுப்பதற்கு ஒரு கட்டில் போட்ட அறை. இன்றைய அமெரிக்கக் கூடங்களுக்கு மூதாதை அதுதான். வாட்டர்ஸின் கட்டில் உலகெங்கும் பரவிவிட்டது, நிக்கோலின் வீட்டை மறந்துவிட்டோம். லக்கலவுக்கு அந்த வீட்டின் கதைதான் வேண்டியது.

ஒரு சத்திரசிகிச்சைக்குப் பின் நோயாளியை வைத்தியசாலையில் பிடித்து வைப்பது பெரும்பாலும் வெட்டிய காயம் அல்ல, மயக்கமருந்து. ஈதர் கொடுத்த காலத்தில் நோயாளி மணிக்கணக்கில் வாந்தியெடுத்துக் கிடப்பார். 1980களில் புழக்கத்துக்கு வந்த புரோபோஃபோல் அந்த நிலையை மாற்றியது. இரத்தத்திலிருந்து வேகமாக விலகி உடலெங்கும் பரவிவிடுவதால், ஊசியை நிறுத்திய சில நிமிடங்களில் ஆள் கண் விழிப்பார். ஆனால் அதே மருந்து மூச்சையும் நிறுத்த வல்லது. அதைக் கொடுக்கும் இடத்தில் மூச்சுப்பாதையைக் காக்கத் தெரிந்த ஒருவர் வேறு வேலை பார்க்காமல் நோயாளியின் தலைமாட்டிலேயே இருக்க வேண்டும். மறுபக்கம் இருப்பது லிக்னோகேன். நீல்ஸ் லோஃப்கிரென் என்ற சுவீடன் வேதியியலாளர் 1943 இல் உருவாக்கிய இந்த மருந்து, நரம்பிழையின் சோடியம் வாயில்களை அடைத்து, வலிச் செய்தி மூளைக்குப் போகாமல் அங்கேயே தடுக்கிறது. மூளை விழித்திருக்கிறது, மூச்சு தன்பாட்டில் ஓடுகிறது. உள்ளூர் உணர்விழப்பு என்பது இதுதான். இவ்விரண்டையும் ‘அன்றைய சத்திரசிகிச்சை’ என்ற ஒரே பெயரில் அடைப்பதால்தான் இந்தத் துறையைப் பற்றிய பேச்சு பாதி குழம்பிப் போகிறது. முன்னதற்கு உயிர்காப்பு வசதி பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். பின்னதை அளவறிந்து செய்தால் அவ்வளவு வேண்டியதில்லை.

பின்னதன் எல்லை எவ்வளவு தூரம் நீளும் என்பதைக் காட்டியது கைச் சத்திரசிகிச்சை. லிக்னோகேனுடன் அட்ரினலினைச் சேர்த்தால் அது சுற்றியுள்ள இரத்தக்குழாய்களைச் சுருக்கும். இரத்தக்கசிவு குறையும், மருந்தும் ஓடிப்போகாமல் அந்த இடத்திலேயே அதிக நேரம் நிற்கும். ஆனால் விரலில் மட்டும் அட்ரினலின் ஏற்றவே கூடாது, ஏற்றினால் விரல் அழுகும் என்று தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்களுக்குக் கற்பித்தார்கள். கனடாவின் செயின்ட் ஜோன் நகரைச் சேர்ந்த டொனால்ட் லாலோண்டும் தோழர்களும் 2005 இல் வெளியிட்ட ஆய்வில், கையிலும் விரலிலும் அட்ரினலின் ஏற்றிய 3,110 நோயாளிகளை அடுத்தடுத்துப் பார்த்தார்கள். ஒரு விரல்கூட அழுகவில்லை. பழைய விபத்துகளுக்கு, நாள்பட நாள்பட அமிலமாகிப்போகும் புரோகெயின் என்ற முந்தைய மருந்தின்மேல் இன்று சந்தேகம் விழுகிறது. மணிக்கட்டில் நரம்பு நெரியும் நோய்க்கான சத்திரசிகிச்சையை, பெரிய தியேட்டருக்குப் போகாமல், சிறு சிகிச்சை அறையில், காயத்தைச் சுற்றி மட்டும் கிருமியற்ற துணி விரித்துச் செய்த 1,504 பேரைக் கனடாவில் பின்தொடர்ந்தபோது, தோலளவில் கிருமித்தொற்று கண்டவர்கள் 6 பேர், ஆழமான தொற்று ஒருவருக்கும் இல்லை. அதே நாட்டுக் கணக்கில் பெரிய தியேட்டரில் செய்வதற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு செலவு. வெட்டு சிறியது, எலும்போ வயிறோ திறக்கப்படவில்லை, உள்ளே அந்நியப் பொருள் எதுவும் வைக்கப்படவில்லை என்னும் நிலையில் தொற்றைத் தடுக்கப் பெரிய தியேட்டரே வேண்டும் என்று சொல்ல முடியாது.

இதற்கு எதிராக வைக்கத்தக்க மிகப் பெரிய சான்றும் அமெரிக்காவிலிருந்தே வருகிறது. புளோரிடா மாநிலத்தில் வைத்தியர்களின் அறைகளில் நடந்தவற்றையும், உரிமம் பெற்ற தனி அன்றைய சத்திரசிகிச்சை நிலையங்களில் நடந்தவற்றையும் ஒப்பிட்டு 2003 இல் ஓர் ஆய்வு வந்தது. இலட்சம் சத்திரசிகிச்சைக்கு அறிக்கையிடப்பட்ட விபரீதங்கள் அறைகளில் 66, நிலையங்களில் 5.3. இறப்பு அறைகளில் 9.2, நிலையங்களில் 0.78. பத்து மடங்குக்கு மேல். அறைகளில் நடந்த மொத்தச் சத்திரசிகிச்சை எத்தனை என்று அந்த ஆய்வு மதிப்பிட்ட விதம் பற்றிப் பின்னர் சர்ச்சை எழுந்தது, ஆகவே அந்தப் பத்து மடங்கை நான் கல்லில் எழுத மாட்டேன். ஆனால் திசையை மறுப்பது நேர்மை ஆகாது. அதே மாநிலத்தின் விபத்துப் பதிவுகளைத் தொடர்ந்து ஆராய்ந்தவர்கள் கண்டது என்னவென்றால், மரணங்களில் பெரும்பகுதி முழு மயக்கத்தில் செய்த அழகுச் சிகிச்சைகளில், குறிப்பாகக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சையில் குவிந்திருந்தது. உள்ளூர் உணர்விழப்பில் தோல் கட்டியை எடுத்தவர்கள் அந்தப் பட்டியலில் நிற்கவில்லை. ஆபத்து கூரையின் உயரத்தில் இல்லை. எந்த மருந்து, யார் கவனிக்கிறார், தவறினால் கைகொடுக்க எத்தனை நிமிடம் என்ற மூன்றில் இருக்கிறது. நகரத்தில் ஓர் அறையிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் பத்து நிமிடம் என்றால், மலைக்கு அப்பால் அது மணிக்கணக்கு. ஆகவே புளோரிடாவின் பாடம் லக்கலவுக்கு இன்னும் கடுமையாகவே பொருந்தும்: முழு மயக்கமோ ஆழ்ந்த தூக்கமருந்தோ அங்கே ஒருபோதும் வேண்டாம்.

தெற்காசியாவில் சத்திரசிகிச்சை ஊருக்குப் போன வரலாறும் கறை படிந்தது. இந்தியாவின் சத்தீஸ்கரில் பிலாஸ்பூர் மாவட்டத்தில் 2014 நவம்பரில், கைவிடப்பட்ட ஒரு தனியார் வைத்தியசாலைக் கட்டடத்தில், ஒரே வைத்தியர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். 2016 இல் இந்திய உச்ச நீதிமன்றம் இத்தகைய முகாம்களையே நிறுத்தச் சொன்னது. அங்கே அறை சிறியதாக இருந்ததைவிட, எண்ணிக்கையை இலக்காக வைத்ததுதான் பெருங்கேடு. இதற்கு நேரெதிரான பாதையில் போனது மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனை. கோவிந்தப்பா வெங்கடசாமி 1976 இல் 11 கட்டில்களோடு தொடங்கிய அந்த நிறுவனம், முகாமை ஊரில் வைத்துக் கண்ணைச் சோதிக்கும், சத்திரசிகிச்சைக்கு ஆளைப் பேருந்தில் ஏற்றித் தன் மருத்துவமனைக்கே கொண்டுபோகும். கண்புரைச் சிகிச்சை உள்ளூர் உணர்விழப்பில் சில நிமிடங்களில் முடிகிற ஒன்று, வெட்டோ மில்லிமீற்றர் கணக்கு. இருந்தும் அதை ஊரில் செய்வதில்லை. காரணம், கண்ணுக்குள் கிருமி புகுந்தால் பார்வையே போய்விடும், அதோடு நுண்ணோக்கியும் வேண்டும். வெட்டின் நீளத்தைப் பார்த்துச் சத்திரசிகிச்சையைச் சிறியது, பெரியது என்று பிரிப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். தேங்காயளவு கொழுப்புக் கட்டி முதுகில் இருந்தால் அதை லக்கலவில் எடுக்கலாம். கண்ணில் மிகச் சிறிய துளையை அங்கே போடக் கூடாது.

அப்படியானால், மாத்தளையிலிருந்து நிபுணர் குறித்த ஒரு நாளில் லக்கலவுக்கு வந்து உள்ளூர் உணர்விழப்பில் செய்யத்தக்கவற்றின் பட்டியல் எப்படி இருக்கும்? தோல் கட்டிகள், பூட்டிக்கொள்ளும் விரல், மணிக்கட்டு நரம்பு, கால்விரல் நகம் உள்வளர்தல், சந்தேகத்துக்குரிய மச்சத்திலிருந்து சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புதல், ஆண்களுக்கான கருத்தடை. குடலிறக்கம் தயங்க வைக்கிறது. உள்ளூர் உணர்விழப்பில் அதைச் செய்து ஆளை உடனே நடக்க வைக்கலாம் என்று லொஸ் ஏஞ்சலிஸில் லிக்டென்ஸ்டைன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1964 இலேயே எழுதினார். ஆயினும் அன்றிரவு சிறுநீர் அடைபட்டாலோ விதைப்பை வீங்கினாலோ மழையில் மலையேறி வருவது யார்? அதோடு, தசையைத் தாங்க ஒரு செயற்கை வலையும் உள்ளே வைக்கப்படுகிறது. எனவே முதல் சில ஆண்டுகளுக்கு அது மாத்தளையிலேயே இருக்கட்டும். நீரிழிவால் புண்ணான பாதத்தையும் சேர்க்க மாட்டேன். சின்னப் புண் என்று தொடங்கி எலும்பு வரை போகும் நோய் அது, இரத்த ஓட்டத்தை முதலில் பார்க்க வேண்டும்.

மருந்தளவு பற்றி ஒரு கணக்கு: அட்ரினலின் கலந்த லிக்னோகேனுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் உச்ச அளவு உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 7 மில்லிகிராம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 350 மில்லிகிராம், அதாவது ஒரு வீதக் கரைசலில் 35 மில்லிலீற்றர். இதைத் தாண்டினாலோ தவறி இரத்தக்குழாய்க்குள் ஏறினாலோ நாக்கு மரத்து, காது இரைந்து, வலிப்பு வந்து, இதயம் தடுமாறும். அதற்கான முறிவாக இரத்தத்தில் ஏற்றும் கொழுப்புக் கரைசல், ஒட்சிசன், பல்ஸ் ஒக்சிமீற்றர், இதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கும் கருவி, இவற்றை இயக்கப் பழகிய இரண்டு பேர் ஆகியவை அறையில் இல்லாத நாளில் ஒரு கட்டியும் வெட்டப்படக் கூடாது. கருவிகளை மாத்தளையில் கிருமியழித்து, முத்திரையிட்ட பொதிகளில் நிபுணரோடு கொண்டுவரலாம். ஒரு நாளைக்கு எட்டோ பத்தோ பேர், அதற்கு மேல் இல்லை. பிலாஸ்பூருக்குப் பின் உச்சவரம்பு இல்லாத எந்தத் திட்டமும் திட்டமே ஆகாது.

நிபுணர்களுக்கே பஞ்சம், அவர்களை வாகனத்தில் ஏற்றி ஒரு நாளை வீதியில் கழிக்க வைப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் வைத்தியர்கள் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளையே நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆனால் அந்த நெருக்கடி வேறொன்றையும் காட்டியது. கையிருப்பு குறையும்போது முதலில் தள்ளிவைக்கப்படுவது மயக்கமருந்து நிபுணரையும் தியேட்டரையும் வேண்டி நிற்கும் நிரலில் கடைசியில் உள்ளவர், அவர் பெரும்பாலும் உயிராபத்து இல்லாத கட்டிக்காரர். அவரை அந்த நிரலிலிருந்து விலக்கி, மயக்கமருந்து நிபுணர் தேவையில்லாத வேறு நிரலில் நிறுத்தினால் பெரிய தியேட்டரில் ஓர் இடம் காலியாகும். நிபுணரின் பயணம் வீண்செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் பத்து நோயாளிகளும் துணைக்கு வரும் பத்துப் பேரும், கிளினிக்குக்கு ஒருமுறை, திகதிக்கு ஒருமுறை, தையல் பிரிக்க ஒருமுறை என்று மலையைத் தாண்டுவதோடு அதை ஒப்பிட வேண்டும். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை என்பதால் நம் சுகாதாரக் கணக்கில் அந்தப் பேருந்துக் காசும் வயலில் இழந்த கூலியும் ஏறுவதே இல்லை.

கிராமத்தவருக்கு இரண்டாம் தரச் சிகிச்சையா என்பது அடுத்த எதிர்ப்பு. கனடாவில் நகரவாசிக்குச் சிறு அறையில் செய்வதைத்தான் லக்கலவிலும் செய்யச் சொல்கிறேன், ஆகவே தரம் பற்றிய அச்சத்துக்குச் சான்று இல்லை. எனக்குள்ள அச்சம் வேறு. இது வெற்றி பெற்றால் தனியார் டிஸ்பென்சரிகள் அதே பெயரில் முழு மயக்கச் சிகிச்சையையும் தொடங்கலாம். தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்யும் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதன்கீழ் ஒழுங்குபடுத்தும் பேரவையும் இருக்கிறது. எந்த ஆழ மயக்கத்துக்கு எந்தக் கருவியும் ஆளும் வேண்டும் என்று படிநிலை வகுத்து, அதைப் பதிவுக்கு நிபந்தனையாக்குவதே அங்கே செய்யத்தக்கது. புளோரிடா விபத்துகள் நடந்த பிறகுதான் விதிகளை இறுக்கியது.

எஞ்சியிருப்பது வீடு. அன்றைய சத்திரசிகிச்சையின் வழக்கமான நிபந்தனைகள், முதல் 24 மணி நேரம் பொறுப்பான ஒருவர் கூட இருக்க வேண்டும், வைத்தியசாலை சுமார் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்க வேண்டும், தொலைபேசி வேண்டும் என்பவை. சிகிச்சை லக்கலவிலேயே நடந்தால் இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே நிறைவேறும். கண்டியில் செய்து அன்றே அனுப்பினால் தூரம் பற்றிய நிபந்தனையே நிறைவேறாது. ஆகவே பெரிய வைத்தியசாலைகள் தம் கட்டில்களைக் காலியாக்கும் அவசரத்தில் தூரத்து நோயாளியையும் மாலையில் அனுப்பும் போக்கு, சீர்திருத்தமாகத் தோன்றினாலும் ஆபத்தானது. கண்டியிலும் மாத்தளையிலும் செய்துகொள்வோருக்கு ஓர் இரவு தங்கத் துணைவரோடு இடம் வேண்டும். விடுதிக் கட்டில் தேவையில்லை, நிக்கோல் வைத்திருந்ததுபோன்ற வீடு போதும். லக்கலவில் செய்துகொள்வோருக்கு மறுநாள் ஒரு தாதியின் தொலைபேசி அழைப்பும், மலை மடிப்பில் கைப்பேசி எட்டாத வீடுகளுக்கு நேரில் ஒரு வருகையும் வேண்டும். 2016 இல் இரண்டு மாகாணங்களில் தொடங்கி பின்னர் நாடு முழுதும் விரிந்த, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசரிய அம்புலன்ஸ் அவசரத்துக்கு உண்டு, அதுவும் வீதி திறந்திருந்தால்தான் வரும். மண்சரிவு எச்சரிக்கை உள்ள வாரத்தில் சத்திரசிகிச்சை நாளையே தள்ளிப்போட வேண்டும். கையில் தையலோடு சேற்று வயலில் இறங்காதே என்று சொல்வது எளிது, நாற்று நடும் பருவத்தில் அதை யாரும் கேட்க மாட்டார்கள். நாள் குறிக்கும்போதே பயிர்க் காலத்தைக் கேட்டுக் குறிப்பது மேல். அறிவுறுத்தல் தாள் சிங்களத்தில் இருந்தால் லக்கலவுக்குப் பெரும்பாலும் போதும், இறத்தோட்டைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்குத் தமிழில் இல்லாவிட்டால் அது வெறும் தாள்.

இவை சரியாக நடக்கின்றனவா என்பதை அறிய ஒரு பதிவேடு போதும்: யாருக்கு என்ன செய்தோம், எவ்வளவு மருந்து ஏற்றினோம், மறுநாள் எப்படி இருந்தார், முப்பதாம் நாளில் காயம் எப்படி இருந்தது, எத்தனை பேரை மாத்தளைக்கு அனுப்ப நேர்ந்தது. புளோரிடா ஆய்வைச் சுற்றி எழுந்த சர்ச்சையெல்லாம், மொத்தம் எத்தனை செய்தார்கள் என்ற சரியான தொகை கையில் இல்லாததால் வந்தது. லக்கலவில் முதல் நோயாளியிலிருந்தே அந்த ஏட்டை எழுதலாம். ஆறு மாதத்தில் அதன் பக்கங்கள் வெறுமையாக இருந்தால், நிபுணரின் வாகனத்தை மாத்தளையிலேயே நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தை நோயாளிகளின் பேருந்துக் கட்டணத்துக்குக் கொடுத்துவிடலாம்.